இரண்டு முயலும் ஒரு தண்ணீர்க் கலமும்

கேட்க வந்தவர்களே, பெரியவர்களானாலும் சரி, மடியில் சாய்ந்திருக்கும் சின்னவர்களானாலும் சரி, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளியிருந்த காலத்தில், அரளிக்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அதை மணிமுடி வழுதி என்று ஓர் அரசன் ஆண்டான்.

நல்ல அரசன்தான். யாரையும் அடிக்கமாட்டான். யாரையும் திட்டமாட்டான். யாரையும் கேட்கமாட்டான். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் நம் கதை.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. தன் நாட்டில் சண்டையே கிடையாது என்கிற பெருமை. நாள்தோறும் காலையில், அவன் கண் விழிக்கும் முன்பே, அரண்மனைப் புலவர் தித்திப்பனார் வாசலில் வந்து நின்று பாடத் தொடங்கிவிடுவார். புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடிக்கும் நாடு எங்கள் வழுதியின் நாடு என்று பாட்டு போகும்.

அரளிக்கோட்டையில் புலி கிடையாது. மான் ஒன்று இருந்தது, அதையும் போன திருவிழாவில் சமைத்துவிட்டார்கள். துறை இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. மற்றபடி பாட்டில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

தண்ணீர் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஆறு மேல்மலை நாட்டிலிருந்து இறங்கி வந்தது. அந்த நாட்டு அரசர் கோடையர் ஆற்றின் குறுக்கே ஒரு மதகு கட்டி வைத்திருந்தார். அவர் திறந்தால் கீழே வயல். திறக்காவிட்டால் புழுதி.

ஆகவே வழுதி ஒரு காரியம் செய்தான். பட்டத்து ராணி அல்லியங்கோதை உயிரோடும் நலத்தோடும் அடுத்த அறையில் இருக்கும்போதே, கோடையரின் மகள் தேமொழியைப் பெண் கேட்டான். அமைச்சரைக் கேட்டான், சோதிடரைக் கேட்டான், குதிரைக்காரனைக்கூட நல்ல குதிரை எது என்று கேட்டான். அல்லியங்கோதையைக் கேட்கவில்லை.

கோடையர் பெண் கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர் அவர். மகளை அனுப்பும் நாளில், தித்திப்பனார் புலியையும் மானையும் பாடி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, மருமகனைத் தனியே அழைத்தார்.

“மாப்பிள்ளை, பாட்டு நன்றாக இருக்கிறது. புலியெல்லாம் எனக்கு வேண்டாம். என் மகள் ஒரு முயல் வளர்க்கிறாள். உங்கள் மூத்தவளிடமும் ஒரு முயல் இருக்கிறதாமே.”

“இருக்கிறது மாமா. கப்பலில் வந்தது.”

“இரண்டும் ஒரே கலத்தில் தண்ணீர் குடிப்பதை நான் பார்க்க வேண்டும். நாற்று நடும் காலத்தில் வருகிறேன். குடித்தால் மதகைத் திறக்கிறேன். குடிக்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர் எங்கும் போகாது, எங்கள் பக்கமே இருந்துகொள்ளும்.”

வழுதி சிரித்தான். “முயல்தானே மாமா.”

“முயல்தான். ஆனால் முயலுக்குப் பொய்ச்சிரிப்பு சிரிக்கத் தெரியாது. கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தெரியும்” என்றார் கோடையர்.

வழுதி வழியெல்லாம் அந்தப் பேச்சை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். ஒரு நாட்டையே சண்டையில்லாமல் வைத்திருப்பவனுக்கு இரண்டு முயல் ஒரு பொருட்டா?

மூத்த ராணியின் முயலுக்குச் சாமரம் என்று பெயர். வெள்ளை வெளேரென்று, கவரி போல இருக்கும். அல்லியங்கோதையின் முற்றத்தில் அதற்கென்று நான்கு தூண் வைத்த மரவீடு ஒன்று உண்டு. தினமும் எழுந்ததும் சாமரம் அந்த நான்கு தூண்களிலும் தாடையைத் தேய்க்கும். பிறகு தண்ணீர்க் கலத்தில் தேய்க்கும். பிறகு அல்லியங்கோதையின் கால் பெருவிரலில் தேய்க்கும். இது என்னுடையது, இது என்னுடையது, இதுவும் என்னுடையது. எழுதத் தெரியாதவர்கள் பத்திரம் எழுதுவது அப்படித்தான்.

இளைய ராணியின் முயலுக்கு மிளகு என்று பெயர். கறுப்பாக, உருண்டையாக, உறைப்பாக இருக்கும்.

அல்லியங்கோதை கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில், வழுதி அவளுடைய மாளிகையின் நடுவே ஒரு மூங்கில் தட்டியைக் கட்டச் சொன்னான். தட்டிக்கு அந்தப் பக்கம் இளையவளுக்கு. மூத்தவளின் கட்டில் அங்கே கிடந்தது, அதை இழுத்து இந்தப் பக்கம் போட்டார்கள். அவள் கண்ணாடி அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அல்லியங்கோதை திரும்பி வந்தபோது, நடு வாசலில் ஒரு பெண், கையில் ஒரு முயலுடன், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டிலும் நம்மைப் போலத்தான். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ‘வா’ என்று கேட்க வேண்டும். சோறு போடாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். ‘வா’ என்று கேட்காத வீட்டில் மூன்று தலைமுறைக்குக் கை நனைக்கமாட்டார்கள்.

தேமொழி அந்த ஒரு சொல்லுக்காக வாசற்படியில் காத்து நின்றாள். அது வராமல் எப்படி உள்ளே காலெடுத்து வைப்பது?

அல்லியங்கோதை அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டுக்கு வந்தவளைத்தானே ‘வா’ என்று சொல்லலாம்? இது தன் வீடா, இல்லையா என்பதே அவளுக்கு விளங்கவில்லை.

இருவரும் பேசாமல் நிற்பதை வழுதி பார்த்தான். “எவ்வளவு அடக்கம், பாருங்கள்” என்று அமைச்சரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சரி, முயலுக்கு வருவோம்.

அமைச்சர் பெயர் நெடுஞ்செவியர். எங்கே யார் என்ன பேசினாலும் அவர் காதுக்கு வந்துவிடும், மூளைக்குப் போவதுதான் தாமதம். அவர் முதல் வழி சொன்னார்.

“மன்னா, ஆணையிட்டால் போதும்.”

முரசு அறைந்தார்கள். சாமரமும் மிளகும் இன்றுமுதல் அன்புடையவர்கள் என்று நாற்சந்தியில் சொன்னார்கள். மிளகை மாலை போட்டு, மேளத்தோடு, சாமரத்தின் மரவீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது காலை எடுத்துவைத்து நுழைய வேண்டும் என்றார் புரோகிதர். முன் வலது காலா, பின் வலது காலா என்று கேட்டார் இன்னொரு புரோகிதர். அந்த வாதம் வெயில் ஏறும்வரை நடந்தது. கடைசியில் மிளகு நான்கு காலும் ஒன்றாகப் பாய்ந்து உள்ளே விழுந்தது.

சாமரம் ஒரு கணம் பார்த்தது. பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, மயிர்தான் பறந்தது. வெள்ளை மயிர், கறுப்பு மயிர், மாலையிலிருந்த சாமந்தி. பிரித்து எடுத்தபோது மிளகின் ஒரு காது கிழிந்திருந்தது. ஒரு வெள்ளைக் கற்றை தித்திப்பனாரின் மூக்கில் ஒட்டியிருந்தது. அவர் அதை ஊதிவிட்டு, பஞ்சு பூத்த வனம் என்று ஏதோ பாடத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை.

வழுதி மூத்த ராணியிடம் போனான். “உன் முயலுக்குக் கொஞ்சம் சொல்லி வை.”

“நான் சொல்லிக் கேட்கும் வழக்கம் இந்த அரண்மனையில் யாருக்கும் இல்லை” என்றாள் அல்லியங்கோதை. “முயல் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?”

பொறாமை பிடித்த முயல், பொறாமை பிடித்தவளிடம் வளர்ந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு வழுதி திரும்பினான்.

அமைச்சர் இரண்டாவது வழி சொன்னார்.

“மன்னா, ஆணை பலிக்காவிட்டால் அச்சம் பலிக்கும். வரி ஏறும்போது குடிகள் முணுமுணுத்தால் நாம் என்ன செய்கிறோம்? எல்லையில் எதிரி வந்துவிட்டான் என்று முரசு அடிக்கிறோம். உடனே எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிறார்கள். அதே மருந்துதான்.”

இரண்டு முயலையும் ஒரு கூடையில் போட்டு, கூடையைப் பல்லக்கில் வைத்து, பல்லக்கைக் கல்லும் முள்ளுமான கரட்டுப் பாதையில் ஓடவிட்டார்கள். பின்னால் பறை முழங்கியது, புலவர் பாடிக்கொண்டே மூச்சிரைக்க ஓடிவந்தார். பல்லக்கு குலுங்கியது, ஆடியது, குப்புற விழப் பார்த்தது. வழுதி குதிரையில் கூடவே போய்த் திரையை விலக்கிப் பார்த்தான். உள்ளே கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று ஒட்டி, எது எதன் காது என்று தெரியாமல், நடுங்கிக்கொண்டிருந்தன.

“சேர்ந்துவிட்டார்கள்” என்றான் வழுதி. கண்ணில் நீர் கட்டிவிட்டது அவனுக்கு.

அரண்மனைக்கு வந்து, பல்லக்கு நின்று, பறை ஓய்ந்து, கூடையை மரவீட்டுக்குள் கவிழ்த்தார்கள். மயிர் பறந்தது.

அமைச்சர் நெடுநேரம் யோசித்தார். “தெரிந்துவிட்டது மன்னா. பல்லக்கை நிறுத்தியதுதான் தப்பு. நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.”

பல்லக்குத் தூக்கிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த நாட்டில் உண்மையாகவே ஒன்றுபட்டவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது வழியை அமைச்சர் சொல்லவில்லை, வழுதியே கண்டுபிடித்தான். ஆணைக்கும் பணியாதவர்கள் விருந்துக்குப் பணிவார்கள் என்று, சாமரத்தின் மரவீட்டில் முருங்கைக்கீரையும் இளம் அறுகும் குவித்து, நடுவே ஒரே ஒரு தண்ணீர்க் கலம் வைத்து, மீண்டும் மிளகை உள்ளே விட்டான். தானே பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

மிளகு ஓர் அடி வைத்தது. சாமரம் ஓர் அடி வைத்தது. மூக்கும் மூக்கும் தொட்டன. பிறகு, எல்லாரும் பார்த்திருக்க, மிளகு தலையைத் தாழ்த்தித் தரையில் வைத்தது. சாமரமும் தலையைத் தாழ்த்தித் தரையில் வைத்தது.

“பணிந்துவிட்டார்கள்” என்று எழுந்தான் வழுதி. “ஒருவருக்கு ஒருவர் பணிந்துவிட்டார்கள்.”

அந்தக் கணமே மேல்மலைக்குக் குதிரைக்காரன் புறப்பட்டான். நினைத்தது முடிந்தது, மாமா வந்து பார்க்கலாம் என்று சொல்லச் சொல்லி அனுப்பினான். குளம்படி ஓசை கோட்டை வாசலைத் தாண்டியது.

இவ்வளவு பெரிய அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். நம்மில் தலை தாழ்த்தினால் அது வணக்கம். முயல்களில் தலை தாழ்த்தினால் அது கட்டளை. ‘என் நெற்றியை நக்கு’ என்று அர்த்தம். பெரியது யாரோ அது தாழ்த்தும், சின்னது யாரோ அது நக்கும். இங்கே இரண்டும் கட்டளையிட்டுவிட்டு, இரண்டும் காத்திருந்தன. நக்க ஆளில்லை.

காத்துக் காத்துப் பொறுமை போய், மிளகு சாமரத்தின் மூக்கைக் கடித்தது.

குதிரைக்காரனைத் திரும்ப அழைக்க இன்னொரு குதிரைக்காரன் போனான். அவனால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. அமைச்சர் வேகமான குதிரையைத்தான் முதலில் அனுப்பியிருந்தார்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. “வரும் பௌர்ணமிக்கு வந்து சேர்வேன். கலத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.”

வழுதிக்குச் சோறு இறங்கவில்லை. மேல்மாடத்தில் நின்றால் வெடித்துக் கிடக்கும் வயல்கள் தெரிந்தன. வரப்பில் உழவர்கள் நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் ஊற்றினால் மண் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடியே கிடந்தது. கோடையர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், இந்த நாற்று வைக்கோலாகக்கூட ஆகாது. புலியையும் மானையும் காட்டி ஊரைச் சாப்பிட வைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் அவன் மண்டையில் ஏறியது.

வேறு போக்கிடம் இல்லாமல் மூத்த ராணியிடம் போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து சாமரத்தின் மூக்குக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இளையவள் இருக்கும் அரவம் கேட்டது.

“ஆணையிட்டேன், அச்சுறுத்தினேன், விருந்து வைத்தேன். இன்னும் என்னதான் செய்வது?”

“மூன்றையும் எங்கே வைத்துச் செய்தீர்கள்?”

“எங்கேயா? சாமரத்தின் வீட்டில்தான்.”

“அது யாருடைய வீடு?”

“எல்லாம் என் வீடுதான்” என்றான் வழுதி. “இந்த அரண்மனை முழுவதும் என் வீடு. இதில் என்ன கேள்வி?”

அல்லியங்கோதைக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாய்வரை வந்தது. “அப்படியானால் உங்கள் வீட்டில் விட வேண்டியதுதானே. கொடுப்பது நீங்கள், கொடுக்கிற பொருள் மட்டும் எப்போதும் அடுத்தவருடையது. நீங்கள் உட்காரும் கொலுமண்டபம் இருக்கிறதே, பெரிதாக, காற்றோட்டமாக. அங்கே விடுங்கள். அரியணைக்கு அடியில் வைக்கோல் போடுங்கள். அமைச்சர் நிற்கும் இடத்தில் புழுக்கை போடட்டும். வித்தியாசம் தெரியாது.”

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘களுக்’ என்று ஒரு சிரிப்பு வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்ட சத்தமும் வந்தது.

அல்லியங்கோதை தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் உதட்டிலும் ஏதோ ஒன்று வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

அவள் சொன்னது வயிற்றெரிச்சலில் சொன்னது. ஆனால் வழுதி கோபத்தைப் புரிந்துகொள்ளும் ஆள் இல்லை, ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டான். மறுநாளே கொலுமண்டபத்தைக் காலி செய்யச் சொன்னான்.

கேளுங்கள், அந்த அரண்மனையில் சாமரத்தின் தாடை படாத இடமும் மிளகின் மூக்கு படாத இடமும் அது ஒன்றுதான். உள்ளே விட்டதும் இரண்டும் திகைத்தன. காவல் காக்க எதுவுமே இல்லை. தேய்த்து வைத்த தூண் ஒன்றுகூட இல்லை. சாமரம் கிழக்கு மூலைக்குப் போனது, மிளகு மேற்கு மூலைக்குப் போனது. ஒன்றையொன்று பார்க்காததுபோல உட்கார்ந்துகொண்டன. எதற்கும் இருக்கட்டும் என்று நடுவே ஒரு மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அரசவை யானைக் கொட்டாரத்துக்குப் போனது. வழுதி தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் பட்டத்து யானை மூச்சு விட்டது. தித்திப்பனாரின் பாட்டுக்கு நடுவில் அது வேறொன்றும் விட்டது. அமைச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் தள்ளி நின்றதில், இதுவரை அவர் காதில் விழுந்துகொண்டிருந்ததும் விழாமல் போயிற்று. வழக்குக் கொண்டுவந்த குடிகளுக்கு மட்டும் அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே யாரும் நெடுநேரம் பேசவில்லை.

மண்டபத்துக்கு இரண்டு ராணிகளும் தினமும் வந்தார்கள். அவரவர் முயலைப் பார்க்கத்தான். வலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் கீரை வைத்தார்கள். முதலில் முயல்கள் எட்டி நின்று முறைத்தன. பிறகு பசித்தது. பசித்ததால் வந்தன, வந்ததால் மூக்குக்கு மூக்கு வைத்துத் தின்றன. இவளுடைய முயல் படுத்த வைக்கோலை அவள் எடுத்துத் தன் முயலுக்குப் போட்டாள், அவளுடையதை இவள் போட்டாள். அந்நிய வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய வாடை ஆயிற்று.

ஒருநாள் அல்லியங்கோதை ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அது வெற்றிலைக் காம்பு தின்னுமா?”

தேமொழி வேறொரு தூணைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். “தின்னும். இலையைத் தொடாது. உங்களுடையது?”

“இலையைத்தான் தின்னும். காம்பைத் துப்பிவிடும்.”



“அப்படியானால் ஒரு வெற்றிலை போதும்” என்றாள் தேமொழி.

அன்று முழுவதும் அவர்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். மறுநாள் பேச்சு கொஞ்சம் நீண்டது. அதற்கு மறுநாள் அரசனைப் பற்றிய பேச்சாக ஆனது. பல்லக்குக்குப் பின்னால் புலவர் மூச்சிரைக்க ஓடியதை ஒருத்தி நடித்துக் காட்டினாள். “பணிந்துவிட்டார்கள்” என்று வழுதி எழுந்து நின்றதை மற்றவள் நடித்துக் காட்டினாள். வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு வாசல்வரை கேட்டது. வாசலில் வழுதி நின்றுகொண்டிருந்தான்.

அரியணைக்குப் பக்கத்தில் மறந்து வைத்த மகுடத்தை எடுக்க வந்திருந்தான். காவல்காரி குறுக்கே ஈட்டியை வைத்தாள். “மன்னிக்க வேண்டும் மன்னா. புது ஆள் நுழைந்தால் முயல் மிரளும் என்று மூத்த ராணியின் உத்தரவு.”

“நான் புது ஆளா?”

“முயலுக்கு” என்றாள் காவல்காரி.

தன் மண்டபத்தின் வாசற்படியில் அவன் நின்றான். ஒரு காலை எடுத்து வைக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒருவராவது பார்த்து ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது.   மூட்டைகளுக்கு நடுவே முயலை அணைத்துக்கொண்டு அன்றைக்கு நின்ற பெண் நினைவுக்கு வந்தாள். அவளை அவனும்கூட ‘வா’ என்று கேட்கவில்லை.

அப்போது மேற்கு வாசல் வழியாகத் தேமொழி வந்தாள். எப்போது வெளியே போனாளோ, கை நிறைய அறுகம்புல். படிக்கு வந்ததும் பழக்கத்தில் நின்றுவிட்டாள். இந்த அரண்மனையில் படியைக் கண்டால் நிற்பது அவள் கால்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அல்லியங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் அங்கேயே நிற்கிறாய்? வா.”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சொன்னவளும் அசையவில்லை, கேட்டவளும் அசையவில்லை. அது அல்லியங்கோதையின் வீடு இல்லை, தேமொழியின் வீடும் இல்லை. இருவரும் வந்து உட்கார்ந்த இடம். அதனால் அந்தச் சொல்லைச் சொன்னவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

“வருகிறேன் அக்கா” என்றாள் தேமொழி.

வழுதி மகுடத்தை எடுக்காமலே கொட்டாரத்துக்குத் திரும்பினான்.

கோடையர் வந்து சேர்ந்த நாளில் ஊரே மண்டபத்தின் வெளியே கூடியிருந்தது. உழவர்கள் நாற்றுக் கட்டோடு வந்திருந்தார்கள்.  வலையை அவிழ்த்தார்கள். நடுவே ஒரு மண்கலத்தில் தண்ணீர் வைத்தார்கள்.

இதுவரை அந்த இரண்டு முயலும் வலையில்லாமல் அங்கே ஒன்றையொன்று நெருங்கியதில்லை. என்ன நடக்கும் என்று ராணிகளுக்கும் தெரியாது.

மிளகு ஓர் அடி வைத்தது. சாமரம் ஓர் அடி வைத்தது. மூக்கும் மூக்கும் தொட்டன. மிளகு தலையைத் தாழ்த்தியது. சாமரமும் தலையைத் தாழ்த்தியது.

 இந்த இடம்வரை வழுதி ஏற்கெனவே பார்த்திருக்கிறான். இதற்கு அடுத்தது கடி. தித்திப்பனார் பாட வாயைத் திறந்தார். அமைச்சர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்தார், புலவரின் வாயைக் கையால் பொத்தினார்.

இரண்டு தலையும் தரையில். இரண்டும் காத்திருந்தன. ஓர் உழவனின் கையிலிருந்து நாற்று நழுவி விழுந்த சத்தம் கேட்டது.

சாமரத்தின் மூக்கில் இன்னும் பழைய தழும்பு இருந்தது. அதன் நான்கு தூண்கள் இங்கே இல்லை, அதன் கலம் இல்லை, தேய்த்து வைத்த கல் ஒன்று இல்லை. தன் வீட்டில் முதலில் நக்கியிருந்தால் அது தோல்வி. யாருடையதும் இல்லாத தரையில் அது வெறும் நக்குதல்தான்.

சாமரம் தலையைத் தூக்கி, மிளகின் நெற்றியை ஒரு தடவை நக்கியது. கிழிந்த காதை ஒரு தடவை நக்கியது. பிறகு, போதும் என்பதுபோலத் தலையைத் தாழ்த்தி, இப்போது உன் முறை என்று கண்ணை மூடிக்கொண்டது. மிளகு கொஞ்சம் யோசித்தது. பிறகு நக்கியது.

அதன் பின் இரண்டுக்கும் தாகம் எடுத்தது. கலம் ஒன்றுதான் இருந்தது.

கூட்டம் மூச்சு விட்டது. ஆனால் கோடையர் முயல்களைப் பார்க்கவே இல்லை. தன் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தந்தை வந்ததையே மறந்து, மூத்தவளின் தோளில் கை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் வெற்றிலைக் காம்பு ஒன்று இருந்தது.

“மதகைத் திறக்கச் சொல்” என்றார் கோடையர் தன் ஆளிடம்.

ராணிகள் இருவரும் அப்போதுதான் திரும்பினார்கள். இரண்டு வாயும் ஒன்றாகவே சொல்லின. “வாங்க.”

கோடையர் உள்ளே வந்தார். உட்கார இடம் தேடினார். அரியணையின் பட்டு மெத்தையை முயல்கள் எப்போதோ கடித்துப் பஞ்சாக்கிவிட்டிருந்தன. பெண்கள் நகர்ந்து வைக்கோலில் இடம் விட்டார்கள், உட்கார்ந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தால், மருமகன் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறான்.

“ஏன் மாப்பிள்ளை, நீங்கள் வரவில்லையா?”

“என்னை இன்னும் யாரும் கேட்கவில்லை மாமா” என்றான் வழுதி.

அல்லியங்கோதை அவனைப் பார்த்தாள். தேமொழி அல்லியங்கோதையைப் பார்த்தாள். மூத்தவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி இளையவளிடம் கொடுத்துவிட்டு, இலையைத் தன் வாயில் போட்டு நிதானமாக மென்றாள். அவசரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மேல்மலையிலிருந்து வந்து சேரவே சில நாள் ஆகும்.

அவள் மென்று முடிக்கும்வரை, நாடாளும் அரசன் படியில் நின்றான். அதற்குப் பிறகு ‘வா’ என்று சொன்னாளா என்று கேட்கிறீர்கள். சொன்னாள். ஆனால் மகுடத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள், முயல் மிரளும் என்று. மகுடம் உள்ளேதான் கிடக்கிறது என்றான் அவன். தேடிப் பார்த்தார்கள். மிளகு அதில் வைக்கோல் அடைத்துப் படுக்கை போட்டு வைத்திருந்தது.

கதையைக் கேட்டவர்கள் எடுத்துப்போக வேண்டியது இதுதான்: இருவர் ஓரிடத்தில் ஒன்றாக வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அந்த இடத்தை அந்த இருவரில் ஒருவரிடமிருந்து பிடுங்கித் தராமல், தன்னுடையதிலிருந்து எடுத்துத் தர வேண்டும்.